கரண்டு ஏன் வந்து வந்து போகிறது? மழை இரவில் கம்பம் ஏறுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இடி மின்னலோடு மழை பிடித்தால் முதலில் நிற்பது பட்டாசு வேலை. மருந்து கையாளும் அறைகளில் மின் இணைப்பே இருக்காது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. மின்னலுக்குப் பயந்து ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். அடுத்து கரண்டு போகும். தீப்பெட்டி ஆபீஸ் இயந்திரம், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், வீட்டு மின்விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடும். உடனே ஊரில் பாதிப் பேர் வயர்மேனுக்குப் போன் போடுவார்கள். "அண்ணாச்சி, கரண்டு எப்ப வரும்?"

அந்த நேரத்தில் அவருக்கே அது தெரியாது என்பதுதான் நிஜம்.

துணை மின்நிலையத்தில் இருந்து 11 ஆயிரம் வோல்ட் மின்பாதை (ஃபீடர் என்பார்கள்) பல கிலோமீட்டர் தூரம் கரிசல் காட்டுக்குள் ஓடுகிறது. வழியில் எங்கோ ஒரு சீமைக்கருவேலக் கிளை கம்பியில் விழுந்திருக்கலாம். மின்னல் அடித்து பீங்கான் வெடித்திருக்கலாம். கோளாறு ஏற்பட்டதும் துணை மின்நிலையத்தில் பிரேக்கர் விழுந்துவிடும். ஆனால் கோளாறு எந்தக் கம்பத்தில் என்று அது சொல்லாது. டார்ச் லைட்டோடு பாதை நெடுக நடந்துதான் பார்க்க வேண்டும். பீங்கானில் மயிரிழை விரிசல் என்றால் பகலில்கூடக் கண்ணில் படாது.

அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள். நடுவில் இருக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து, முதல் பாதிக்கு மட்டும் மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். நின்றால் அந்தப் பாதி நல்லது. கோளாறு அடுத்த பாதியில். "வந்து வந்து போகுதே, விளையாடுறாங்களா?" என்று வீட்டில் நாம் சலித்துக்கொள்வது பல நேரம் இந்தச் சோதனையைத்தான்.

கோளாறைக் கண்டுபிடித்தாலும் உடனே ஏறிவிட முடியாது. 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். துணை மின்நிலைய ஆபரேட்டர் பிரேக்கரை நிறுத்தி, யார் கேட்டார், எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுதுவார். இங்கே ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டி, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கம்பியில் கை வைக்கலாம். வேலை முடிந்ததும் லைன் கிளியர் வாங்கியவரே அதைத் திருப்பித் தர வேண்டும். வேறு யாராவது "முடிஞ்சிருச்சு, சார்ஜ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டால், மேலே இருப்பவர் உயிர் போய்விடும்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. கரண்டு போனதும் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் ஜெனரேட்டர் ஓடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் சேர்த்துவிட்டால், 230 வோல்ட் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மர் இரண்டு திசையிலும் வேலை செய்யும் சாதனம். தலைகீழாக வரும் அந்த மின்சாரத்தை அது 11 ஆயிரம் வோல்ட் அளவுக்கு உயர்த்திவிடும். லைனை நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் நிற்பவருக்கு அப்போது துணை எர்த் ராடு மட்டும்தான். அறுந்து கிடக்கும் கம்பியும் அப்படித்தான். காய்ந்த மண்ணில் விழுந்தால் சில நேரம் பிரேக்கர் விழாது. கம்பி சும்மா கிடப்பதுபோல் தெரியும், உள்ளே மின்சாரம் இருக்கும்.

கம்பம் நடுவது தனிப் பாடு. நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்க வேண்டும். கரிசல் மண் ஈரத்தில் ஊதும், வெயிலில் பிளக்கும். பிடிமானம் தளர்ந்து கம்பம் சாயும். மழை நாளில் வண்டி உள்ளே போனால் சக்கரம் புதைந்துவிடும். அப்புறம் கயிறும் தோளும்தான்.

அந்தத் தோள்களைத் தமிழ்நாடே பார்த்தது 2018இல். நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பழுதுபார்ப்பு என்று அதைச் சொல்வதே தப்பு. பல ஊர்களில் மின்பாதையைப் புதிதாகத்தான் போட்டார்கள். பிற மாவட்டங்களில் இருந்தும், கேரளா போன்ற பக்கத்து மாநிலங்களில் இருந்தும் ஆட்கள் போனார்கள். வயல் தண்ணீரில் நின்று கம்பத்தைத் தோளில் சுமந்த படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். தங்கள் வீடே கூரை இழந்து கிடந்த நிலையிலும் கிராமத்து மக்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த வேலையில் உயிரை விட்ட ஊழியர்களும் உண்டு.

அமெரிக்க செனட் 2013இல் ஏப்ரல் 18ஐ லைன்மேன்களுக்கான நாளாக அறிவித்தது. இந்தியாவில் 2021 முதல் மார்ச் 4 'லைன்மேன் திவஸ்' ஆகக் கொண்டாடப்படுகிறது. நம் ஊர்களில் அப்படி ஒரு நாள் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? களப் பணியிடங்களை நிரப்புங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குங்கள் என்று தொழிற்சங்கங்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆள் குறைந்தால் ஒருவரே பல ஊர்களைப் பார்க்க வேண்டும். மழை இரவில் அது எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை கரண்டு போனால், வேலையில் இருக்கும் வயர்மேனையே திரும்பத் திரும்ப அழைக்காமல், 2021இல் தொடங்கிய 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 எண்ணில் அழைக்கலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்து கிடந்தாலோ, எங்காவது தீப்பொறி பறந்ததைப் பார்த்தாலோ அதையும், எந்த இடம் என்பதையும் முதலில் சொல்லுங்கள். இருட்டில் அவர்கள் நடக்க வேண்டிய தூரம் அதனால் குறையும்.