0.8 மில்லிமீட்டர் துளை

வலையபட்டி மாதிரி சின்ன ஊரில் இருந்துகொண்டு வீட்டிலேயே சர்க்யூட் போர்டு போட நினைப்பவரைக் கடைசியில் படுத்துவது துளைதான். சர்க்யூட் படத்தை லேசர் பிரின்ட் எடுத்து, தாமிரப் போர்டில் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டி, ஃபெரிக் குளோரைடில் போட்டால் தாமிரக் கோடுகள் வந்துவிடும். ஆனால் ஐ.சி. கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ.தான் இடைவெளி. ஒரு துளை அரை மில்லி தள்ளிப்போனாலும் ஐ.சி. உட்காராது.

பழுப்பு நிற பினாலிக் போர்டுக்குச் சாதாரண ஸ்டீல் பிட் போதும். கண்ணாடி இழை கலந்த எஃப்.ஆர்.-4 அதைச் சீக்கிரமே மழுங்கடித்துவிடும். அதற்குக் கார்பைடு பிட் வேண்டும். அதுவோ பக்கவாட்டில் லேசாக அழுத்தினாலே மளுக்கென்று முறிந்துவிடும். கை டிரில்லை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட முடியாது. சின்னதாக ஒரு ஸ்டாண்டு மெஷின் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

எல்லோரும் முதலில் தேடுவது மோட்டாரை. 775 டி.சி. மோட்டார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட்டில் ஓடும். 0.8 மி.மீ. பிட் 10,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் ஓடும். பட்டறை டிரில்லின் 2,800 சுற்றில் அது 7 மீட்டர்தான். வேகம் நல்லதே. ஆனால் காசைக் கொட்ட வேண்டிய இடம் மோட்டார் அல்ல, பிட்டைப் பிடிக்கும் சக்.

பக்கவாட்டுத் திருகு வைத்த மலிவான பித்தளை சக், பிட்டை ஒரு பக்கமாகத் தள்ளியே பிடிக்கும். நுனி வட்டம் போடும், துளை பெரிதாகும், பிட் முறியும். ஈ.ஆர்.11 காலெட் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும். கார்பைடு பிட்டின் தண்டு 3.175 மி.மீ.; அந்த அளவு காலெட்டையே கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் கையால் சுற்றி, டயல் கேஜில் ஆட்டம் பாருங்கள். முள் 0.05 மி.மீ.யைத் தாண்டினால் கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

மோட்டார் ஏறி இறங்க, கழித்துப்போட்ட இங்க்ஜெட் பிரின்டரின் இரும்புத் தண்டு உதவும். 8 மி.மீ. தண்டு அகப்பட்டால் எல்.எம்.8.யு.யு. பேரிங் கச்சிதமாகப் பொருந்தும். அடித்தளத்துக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடக்கும் பர்மா தேக்கைப் பார்த்தால் கை நீளத்தான் செய்யும். வேண்டாம், எவ்வளவு நல்ல மரமும் ஈரத்துக்கு அசையும். சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய கிரானைட் துண்டு அசையாது, அதிர்வையும் வாங்கிக்கொள்ளும்.

போர்டுக்கு அடியில் ஹார்டுபோர்டு வையுங்கள், பின்பக்கம் பிசிறாது. கால் உட்காரும் தாமிரத் திட்டின் (பேடின்) நடுவில் தாமிரம் கரைந்த சின்னக் குழி இருந்தால் பிட் தானாகவே அதில் இறங்கும். முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள். பறப்பது கண்ணாடித் தூள்.

இந்த மெஷினால் ஆகாத வேலையும் உண்டு. இரட்டைப் பக்கப் போர்டில் துளையின் உட்சுவருக்குத் தாமிரம் பூச வேண்டும். அது மின்வேதியியல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி ‘சிக்ரி’ ஆய்வகத்தின் துறையே அதுதான். வீட்டில் செய்பவர் துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து இரு பக்கமும் சால்டர் வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட துளை இருபது முப்பதைத் தாண்டினால் போர்டைக் கம்பெனியில் கொடுத்துச் செய்துகொள்வதே மேல்.