உள்ளே போன துணி

சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் ரவிக்கையும் பாவாடையும் தைப்பவர்களுக்கு விமான உட்கூரையின் வேலை சட்டென்று பிடிபடும்.

இங்கிருந்து வடக்கே, 1928-இல் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக அமைந்த சிலேத்தாரில், ஒருகாலத்தில் விமானத்தின் மேனியே துணிதான். அங்கிருந்த வில்டெபீஸ்ட் இரட்டை இறக்கை விமானங்கள் உலோகச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. 1942 ஜனவரி 26 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் எண்டாவில் இறங்கியபோது, பகல் வெளிச்சத்தில் பிரிட்டிஷார் அவற்றையே தாக்க அனுப்பினார்கள். கொடுமைதான்.

பிறகு மேனி உலோகமாயிற்று. துணி உள்ளே போய்விட்டது. பழைய செஸ்னா 172-இன் உட்கூரையைப் புதுப்பிக்கும்போது, கழற்றிய துணியையே பிரித்து, அளவாக வைத்துப் புதுத் துணியை வெட்டுவார்கள். அதன் முதுகில் குறுக்கே மடிப்புகள் தைத்து (பாவாடையில் நாடா கோப்பதற்கு விடுவோமே, அதே மடிப்பு) வளைந்த கம்பிகளை நுழைப்பார்கள். ஒவ்வொரு கம்பியும் ஒரு நீளம். கழற்றும்போதே எண் போடாவிட்டால் திண்டாட்டம். கம்பி முனைகளைச் சட்டத்தில் பொருத்திய பின், நடுவிலிருந்து இருபுறமும் சீராக இழுத்து ஓரங்களை ஒட்டவேண்டும். அவசரப்பட்டால் சுருக்கம் விழும்.

எந்தத் துணியும் ஆகாது. தீ பரவாது என்று சோதனையில் தேறிய துணியைத்தான் விமானத்துக்குள் பொருத்தலாம்.