ஒரே அளவான பாலிமர் நுண்கோளங்கள்

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் 1980-களில் அஜய் சூட் முதலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்த பொருள் ஒன்று, பார்வைக்கு நீர் கலந்த பாலைப் போன்றது. அதில் மிதப்பவை பாலிஸ்டைரீன் கோளங்கள். அவற்றின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. அயனிகளை ஈர்க்கும் ரெசின் மணிகளை இட்டு நீரில் எஞ்சிய உப்பை நீக்கினால், சாயம் ஏதுமின்றியே அப்பாலில் வண்ணங்கள் மிளிரும். எதிர்மின்னூட்டமுடைய கோளங்கள் ஒன்றையொன்று விலக்கி, படிகத்தின் அணுக்களைப் போல் ஒழுங்காக நின்றுவிடுகின்றன. அவற்றின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தை ஒத்திருப்பதே வண்ணத்திற்குக் காரணம். 1988-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குச் சென்ற பின்னரும் சூட் இத்துறையைக் கைவிடவில்லை.

கோளங்கள் பெரிதும் சிறிதுமாயிருப்பின் இவ்வொழுங்கு அமையாது. அரைத்தும் சலித்தும் பெறக்கூடிய சமத்துவமன்று இது. பால்மப் பாலிமராக்கம் என்னும் இரசாயன முறையே இதனைத் தருகிறது.

சோப்புக் கலந்த நீரில் ஸ்டைரீன் திரவத்தைச் சேர்த்து, நைட்ரஜன் செலுத்திப் பிராணவாயுவை வெளியேற்றி, சுமார் 70 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் கிளறுவர். பின்னர் பொட்டாசியம் பர்சல்பேட் இடுவர். அது சிதைந்து உண்டாகும் துணுக்குகள், சோப்பு மூலக்கூறுகளின் நுண்திரள்களுள் புகுந்து ஸ்டைரீனைச் சங்கிலியாகக் கோக்கத் தொடங்குகின்றன. ஒவ்வொரு கோளமும் இவ்வாறே பிறக்கிறது. கோளங்களின் மேற்பரப்பை மூடுவதிலேயே சோப்பு முழுதும் செலவாகிவிடுவதால் விரைவில் பிறப்பு நின்று, வளர்ச்சி மட்டுமே தொடரும். சங்கிலியின் நுனியில் தங்கும் சல்பேட்டே மேற்சொன்ன மின்னூட்டத்தை அளிக்கிறது.

முன்பின்னாகப் பிறந்தவை சமமாவது எங்ஙனம்? கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம். ஒரு கோளத்தின் கன அளவு 2, பின்னர்ப் பிறந்ததன் கன அளவு 1 எனக் கொள்க. விட்டங்களின் வேற்றுமை சுமார் 26 சதவிகிதம். ஒரே நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கன அளவே பருக்கின்றன. ஆகவே ஒவ்வொன்றிலும் 100 சேர்ந்தபின் 102-ம் 101-ம் ஆகும். விட்ட வேற்றுமையோ ஒரு சதவிகிதத்தில் மூன்றிலொரு பங்குதான். இடையில் சோப்பை அதிகமாகச் சேர்த்தால் புதுக் கோளங்கள் பிறந்து இக்கணக்கு கெட்டுப்போகும்.

நோயறியும் பரிசோதனையிலும் இச்சமத்துவம் வேண்டப்படுகிறது. 1956-ல் சிங்கர், பிளாட்ஸ் என்னும் இருவர் இத்தகைய கோளங்களின்மேல் மனித இரத்தப் புரதத்தைப் படியச்செய்து, மூட்டுவாத நோயாளியின் சீரத்துடன் கலந்தபோது, அவை வெறுங்கண்ணுக்குத் தெரியுமாறு திரண்டன. மின்சாரமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டாத இம்முறை சிறு மருத்துவ நிலையங்களில் இன்றும் பயன்படுகிறது. விட்டம் இருமடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. தாங்கும் புரதமும் அவ்வாறே கூடும். ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் கோளத்தின் அளவு மாறுமானால், அதே நோயாளியின் சீரம் முதலதில் திரண்டு மற்றதில் திரளாமற்போகக் கூடும்.