மியூவான் பிறக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

1965 அக்டோபர் வரை கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்க வயல். அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளர்களும் சேர்ந்து அதே ஆண்டு வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் தேடிய குழுவை முந்திக்கொண்டு சில நாள் முன்பே அச்சில் அறிவித்தார்கள்.

கருவியைச் சுவர்போல நிமிர்த்தி வைத்ததில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். எதிரெதிராக இரண்டு ஒளிர்வுச் சுவர்கள், நடுவே நியான் குழாய்கள், ஈயத் தகடுகள். அவ்வளவு ஆழத்துக்கு வந்துசேரும் காஸ்மிக் மியூவான்கள் பெரும்பாலும் மேலிருந்து செங்குத்தாக இறங்கும். பக்கவாட்டில் இரண்டு சுவரையும் துளைத்துப் போகும் மியூவான், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க முடியும்.

எல்லா நியூட்ரினோவாலும் மியூவானைப் பிறப்பிக்க முடியாது. அதற்கான குறைந்தபட்ச அளவுதான் பயன்தொடக்க ஆற்றல். மியூவான் நியூட்ரினோ ஒரு நியூட்ரானில் மோதி, மியூவானும் புரோட்டானும் வெளிவருவதாகக் கொள்வோம். மெகா எலெக்ட்ரான் வோல்ட் கணக்கில் நியூட்ரானின் நிறை 939.6, மியூவான் 105.7, புரோட்டான் 938.3. கூடுதல் நிறை 104.4 தானே, அதுவே போதும் என்று தோன்றும். போதாது. வந்த நியூட்ரினோவுக்கு உந்தம் உண்டு, உந்தம் அழியாது. ஆகவே பிறந்த துகள்கள் அப்படியே நின்றுவிட முடியாது, முன்னோக்கி ஓடியாக வேண்டும். அந்த ஓட்டத்துக்கும் ஆற்றல் தேவை.

கணக்கு பிளஸ் டூ மாணவருக்கு எட்டக்கூடியதே. வெளிவரும் நிறைகளைக் கூட்டி வர்க்கப்படுத்துங்கள். நின்றிருந்த இலக்கின் நிறை வர்க்கத்தைக் கழியுங்கள். மீதியை இலக்கு நிறையின் இருமடங்கால் வகுங்கள். (நியூட்ரினோவின் நிறை மிகமிகச் சிறியது, விட்டுவிடலாம்.) விடை சுமார் 110.

இலக்கு எலெக்ட்ரானாக இருந்தால்? மியூவானோடு எலெக்ட்ரான் நியூட்ரினோ வெளிவரும். எலெக்ட்ரானின் நிறை 0.511தான், விடையோ ஏறத்தாழ 10,900! பிறப்பது அதே மியூவான், ஆற்றலோ நூறு மடங்கு. இலக்கு இலேசாக இருந்தால், கொண்டுவந்த ஆற்றலில் பெரும்பகுதி ஓட்டத்திலேயே போய்விடுகிறது. இந்தக் கணக்கிலேயே என்னை மிகவும் கவர்வது இதுதான்.

அணு உலையின் நியூட்ரினோக்களுக்குச் சில மெகா எலெக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும். அவற்றால் மியூவான் பிறக்கவே பிறக்காது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்குபவற்றில் பல ஆயிரம் கொண்டவையும் உண்டு. கோலாரில் பாறையைத் தட்டியவை அவையே.

மியூவானுக்குப் பதில் 1,777 நிறையுள்ள டாவ் துகளை வைத்து, நியூட்ரான் இலக்குக்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுமார் 3,450 வரும்.