பொது மிதிவண்டி

பொதுப்பொருளைக் காப்பது நம்பிக்கையா, காவலா? மிதிவண்டியைப் பொதுவாக்க முயன்ற நகரங்கள் மூன்றின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

1965 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்து இளைஞர் சிலர், மிதிவண்டிகளுக்கு வெண்ணிறம் பூசிப் பூட்டின்றித் தெருவில் நிறுத்தினர். வேண்டுவோர் ஏறிச் சென்று, இறங்கிய இடத்திலேயே பிறர்க்கு விட்டுச் செல்லலாம் என்றனர். பூட்டாத வண்டி சட்டத்திற்கு மாறானது எனக் காவலர் அவற்றைக் கைப்பற்றினர்.

1995 இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் நாணயப் பூட்டை அமைத்தது. நாணயம் இட்டால் வண்டி விடுபடும். உரிய இடத்தில் மீண்டும் நிறுத்தினால் நாணயம் திரும்பும். எனினும், எடுத்தவர் இன்னார் என அறிய இயலாமையால் களவு ஒழிந்திலது.

2007 இல் பாரிஸ் நகரம் நிலையங்களை நிறுவி, எடுப்பவரை அட்டையால் பதிவு செய்தது. முறை நிலைபெற்றது, ஆயினும் வண்டிகள் பல களவு போயின, பல சிதைக்கப்பட்டன.

இன்று இத்திட்டத்தை எண்ணும் நகரத்தின்முன் இரு வழிகள் உள. நிலையம் அமைப்பின் செலவு மிகும்; ஒழுங்கு நிலவும். நிலையமின்றி விடின் செலவு குறையும், ஆனால் கண்டவாறு நிறுத்திய வண்டிகள் நடைபாதையை அடைக்கும், கண்ணற்றோர் இடறுவர்.

எவ்வழி தேரினும் பூட்டும் பதிவும் வேண்டுவனவே. ஆனால், அவை களவைக் குறைக்குமேயன்றிப் பொறுப்புணர்வைப் படைக்கமாட்டா. தனக்குப்பின் வருவோனை நினைந்து வண்டியை நிறுத்தும் குடிமகனே பொதுப்பொருளின் முதற்காவலன் ஆவான்.