இருபத்தோர் இலக்க எண்ணின் இரு காரணிகள்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே வைக்கும்படி அரசனிடம் பரிசு கேட்ட அறிஞனின் கதையை நேயர்கள் அறிவார்கள். பலகையின் 64 கட்டங்களோடு இன்னும் மூன்றைச் சேர்த்து, 67 கட்டங்களின் மணிகளையும் கூட்டினால் வரும் தொகை 147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் இவ்வெண்ணே கிடைக்கும்.

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். மேற்கண்ட எண் பகா எண்ணே என்று பிரெஞ்சுத் துறவியார் மாரின் மெர்சென் 1644ஆம் ஆண்டில் எழுதினார். நிரூபணம் எதுவும் தரவில்லை. எனினும் அக்கூற்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாமல் நின்றது.

1876ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் எதுவார் லூகாஸ் அது பகா எண் அன்று என்று காட்டினார். ஆனால் அதை வகுக்கும் காரணிகள் எவை என்று அவர் சொல்லவில்லை. காரணியைக் காணாமலே இதனை அறிவது எங்ஙனம்? ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்போம். 7 பகா எண். ஆறு இரண்டுகளைப் பெருக்கிவரும் 64ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டைத் தவிர்த்த எல்லாப் பகா எண்களுக்கும் இவ்வியல்பு உண்டு. 9ஐ எடுத்துக்கொண்டால், எட்டு இரண்டுகளின் பெருக்கம் 256. 9ஆல் வகுக்க மீதி 4. ஆகவே, மூன்றைப் பற்றி நினையாமலே 9 பகா எண் அன்று என அறிகிறோம். லூகாஸின் சோதனை இதனினும் நுட்பமானது; ஆயினும் அதன் அடிக்கருத்து இத்தகையதே.

காரணிகளைக் கண்டவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அது 134இன் ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருத்தல் வேண்டும். இவ்விதியால் தேடல் சுருங்கினும், 134ஐ 14,45,580ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலன்றிச் சிறிய காரணி அகப்படாது. கணிப்பொறி இல்லாத காலத்தில், மேலும் பல நுட்பங்களைக் கையாண்டு கோல் அதனை எட்டினார். 1903ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் முடிவை வெளியிட்டார்:

193707721 × 761838257287 = 147573952589676412927.

அவர் வாய் திறவாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், இத்தேடல் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டது என்றும் எரிக் டெம்பிள் பெல் என்னும் கணித அறிஞர் எழுதியிருக்கிறார்.

பெருக்குவதற்குச் சில நிமிடங்கள், பிரிப்பதற்கோ ஆண்டுகள்! இந்த ஏற்றத்தாழ்வையே பூட்டாகக் கொண்டு, 1977ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் ஒரு மறைமொழி முறையை வகுத்தனர். மின்வழிச் செய்திகளைக் காக்கும் முறைகளுள் அதுவும் ஒன்று. கோலின் எண்ணை இன்றைய கணிப்பொறி நொடிப்பொழுதில் பிரித்துவிடும். ஆதலால் அம்முறையில் அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட எண்கள் வழங்குகின்றன. தொலைவிலுள்ள ஊருக்கு நாம் அனுப்பும் பணமும் செய்தியும் பிறர் கையில் சிக்காமல் போய்ச் சேருவதில், காரணி தேடும் இக்கடினத்துக்கும் ஒரு பங்கு உண்டு.