மலையடிவாரத்து வெள்ளி

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துப் பட்டறைகளில் செய்யும் வெள்ளிக் கொலுசு நாடெங்கும் போகிறது. காப்பித் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு பவுன் வாங்குவது எட்டாக்கனியாகிவிட்ட இன்று, சேர்வராயன் மலைக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் மாற்று அந்த வெள்ளிதான் என்பேன். காரணம், தங்கம் நம் வீடுகளில் இரண்டு வேலை பார்க்கிறது. விசேஷத்தன்று அது அலங்காரம். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அடகுக்குப் போகும் பணம். மாற்று எதுவானாலும், இந்த இரண்டாவது வேலையை அது எவ்வளவு செய்யும் என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கவரிங் அதைச் செய்யாது. சிதம்பரம் கவரிங்கின் வேலைப்பாட்டில் குறையில்லை. அடியில் இருப்பது செம்போ பித்தளையோ, மேலே இருப்பது முலாம். ஐம்பது சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சங்கிலிக்கு ஒரு மைக்ரான் கனத்தில் தங்கம் பூசினால் மொத்தமே 0.1 கிராம்தான் ஆகும். ‘ஒரு கிராம் தங்க நகை’ என்ற பெயரைக் கேட்டு மயங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாலு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கவரிங் போதும், ஆனால் அது செலவு, சேமிப்பு அல்ல.

காரட்டைக் குறைத்துத் தங்கமே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். 1963இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றது. ஆசாரிகள் பலர் தொழிலிழந்தார்கள். மக்களின் 22 காரட் மோகம் மட்டும் குறையவில்லை. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே 1990இல் போய்விட்டது. 2025 ஜூலையில் 9 காரட்டுக்கும் ஹால்மார்க் வந்திருக்கிறது, இம்முறை குறைந்த காரட்டில்தான் நகை செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லாமல். எட்டு கிராம் 9 காரட் நகையில் சுத்தத் தங்கம் மூன்று கிராம். 22 காரட்டில் ஏழே கால் கிராமுக்கு மேல். முத்திரை இருப்பதால் ஏமாற்று இல்லை. ஆனால் மூன்று கிராம் தங்கத்துக்கும் முழு நகைக்கான செய்கூலி கொடுக்கிறோம், விற்கும்போது அது திரும்பாது.

வெள்ளி கறுக்கும் என்பார்கள். கறுப்பது மேற்பரப்புதான், தேய்த்தால் போகும். காலில் போடுவதைக் கழுத்தில் போடுவதா என்ற தயக்கத்துக்கு நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளே பதில்: பரதநாட்டிய மேடையில் மின்னும் அந்த நகைகளில் பொன் மெருகுக்கு அடியில் இருப்பது வெள்ளி. முலாம் தேய்ந்தாலும் வெள்ளி எடைக்கு விலை உண்டு. நகைக் கடனிலும் நிலைமை மாறுகிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள் தங்கத்தோடு வெள்ளி நகையின் மீதும் கடன் தர வழிசெய்கின்றன. வெள்ளி விலை தங்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்கும் என்பது உண்மையான குறை, அதை மறுப்பதற்கில்லை. அதைவிடப் பெரிய குறை டச், அதாவது வெள்ளியின் சுத்த அளவு. கொலுசின் ஒவ்வொரு கண்ணியிலும் பற்று வைப்பதால் அதன் சுத்தம் கட்டி வெள்ளியைவிடக் குறையும். எவ்வளவு குறைகிறது என்பது பட்டறைக்குப் பட்டறை வேறு. எனவே எடை, டச், செய்கூலி மூன்றையும் ரசீதில் தனித்தனியாக எழுதித் தராத கடையில், கொலுசு எவ்வளவு அழகாக இருந்தாலும் பையைத் திறக்க வேண்டாம்.